வரைபடத்தில் ஒரு மடிப்பு

ஊருக்கு நாலு பேராவது இருக்கும் ஓர் இனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்போகிறேன். வீடும் கிணறும் வேலியுமாகத் தன் வளவு ஒன்றே உலகம் என்றிருப்பவர். அவருக்கு ‘வளவுக்காரர்’ என்று பெயர் வைப்போம். முழு உலகப் படத்தை விரித்துக் கொடுத்தாலும் அவருடைய விரல் கண்டங்களைத் தாண்டி, சமுத்திரங்களைத் தாண்டி, இலங்கையைப் பிடித்து, மன்னார்த் தீவைப் பிடித்து, தன் ஒழுங்கையைப் பிடித்து, தன் வேலியில் போய் முட்டிய பிறகுதான் ஓயும். வேலி பத்திரமென்றால் உலகம் பத்திரம். வேலியில் நட்ட ஒரு கதியால் சரிந்திருந்தால்? பூமிக்கே ஆபத்து.

இந்த இனத்தில் பழுதில்லாத ஓர் உருப்படி சிங்கராசா. தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர்களுடைய முகவரிகளோடு இத்தனை காலம் கிடந்த மனிதருக்குத் தன் முகவரியைத் தவிர வேறெதிலும் அக்கறை வராமற் போனது எப்படி என்று கேட்காதீர்கள். அதை அவருடைய மனைவி திரேசம்மாவே இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய புரட்டாதியில் பிரதேச சபைக்காரர் வந்து, 2040ஆம் ஆண்டுவரை ஊர்க் காணிகளை எதெதற்குப் பயன்படுத்துவது என்ற திட்டத்தின் வரைபடத்தைப் தேவாலயப் பங்கு மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆட்சேபனை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் சொல்லவேண்டும். கட்டில் விரிப்பளவு படம். எட்டாக மடித்துக் கொண்டுவந்ததால் குறுக்கும் நெடுக்கும் மடிப்பு. முதல் ஆளாகப் போனவர் சிங்கராசாதான். கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மேலே பூதக்கண்ணாடியையும் பிடித்தார். அரை மணி நேரம் தேடித் தன் வளவைக் கண்டார். மஞ்சள் நிறம். கீழே விளக்கம் பார்த்தார். மஞ்சள் என்றால் குடியிருப்பு.

அவ்வளவுதான். 2040 வரைக்கும் அவருக்கு நிம்மதி.

வெளியே வந்தவரிடம் சாந்தரூபன் கேட்டான். அவன் கடற்தொழிலாளி, வள்ளம் இழுத்துவிடும் கரைக்குப் பக்கத்திலேயே வீடு.

“அண்ணை, எங்கட வள்ளக்கரைக்கு நீலக்கோடு அடிச்சுக் கிடக்காம். அது என்னண்ணை?”

“உல்லாசப் பயணத்துறை.”

“அப்ப வள்ளத்தை எங்க விடுறது?”

சிங்கராசா அவனுடைய தோளில் கை வைத்தார். வளவுக்காரருக்குத் தன் வளவு தப்பிய கணத்திலிருந்து ஒரு ஞானம் பிறக்கும். அதை ஊராருக்குப் பங்கிட்டுக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது. “தம்பி, அபிவிருத்தி எண்டா கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தான் வேணும். எல்லாரும் தன்ர தன்ர பாட்டைப் பாத்தா நாடு முன்னேறுமோ?”

மூன்றாம் நாள் சாந்தரூபன் சபைக்கு ஒரு பெட்டிசம் எழுதி, கையெழுத்து வாங்க வந்தான். சிங்கராசா அதை வாங்கி வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். “நான் உதுகளுக்குக் கையெழுத்து வைக்கிறேல்லை” என்று திருப்பிக் கொடுத்தார். வைக்காத கையெழுத்துக்குக் கால்மணி நேர விளக்கமும் கொடுத்தார். திட்டம் போட்டவர்கள் படித்தவர்களாம். கரை என்பது பொதுச் சொத்தாம். வெள்ளைக்காரர் வந்தால் மீனுக்குக் கிராக்கி கூடுமாம். வள்ளமில்லாமல் மீன் எப்படி வரும் என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து திரேசம்மா மண்டபத்துக்குள் நுழைந்து படத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, எங்கட குசினிக்கு மேலால ஒரு கோடு போகுது.”

“அது மடிப்பு.”

“கபில நிறத்தில?”

“பழைய மடிப்பு. ஊத்தை பிடிச்சிருக்கும்.”

“மடிப்பெண்டா ஏன் அதுக்கு ‘வெள்ள வாய்க்கால்’ எண்டு பேர் எழுதிக் கிடக்கு?”

தேத்தண்ணி ஆறியது. சிங்கராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். மண்டபத்தில் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. வாய்க்கால் ஒழுங்கையின் தலைப்பில் தொடங்கி, அவருடைய வேலியைப் பிளந்து, பின்வளவில் தனியாக நிற்கும் குசினிக்குள் அடுப்படியால் புகுந்து, கிணற்றடியால் வெளியேறிக் கடலை நோக்கி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சளை மட்டும் தேடிய கண்ணுக்கு முதல்நாள் அது தெரியவில்லை.

பிறகென்ன? அன்று பின்னேரம் தீவுக்கு ஒரு போராளி கிடைத்தார். “இது எங்கட இருப்புப் பிரச்சினை!” என்று வீடு வீடாகப் போனார். முதலில் தட்டிய படலை சாந்தரூபனுடையது.

“அந்தப் பெட்டிசத்தைக் கொண்டா தம்பி, வைக்கிறன்.”

சாந்தரூபன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது சபைக்குப் போட்டுதண்ணை. அபிவிருத்தி எண்டா கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தானே வேணும்?”

வளவுக்காரருக்குக் குத்தல் ஏறாது. அவர் தனிப் பெட்டிசம் எழுதினார். பதினொரு பக்கம்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம். சபையிலிருந்து டிலக்சனா என்ற திட்டமிடல் அலுவலர் வந்திருந்தாள். இளம் பெண், பொறுமையானவள். அந்தப் பொறுமைக்கு அன்று வேலை இருந்தது. சிங்கராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். பனைகள் என்றார். பூநாரைகள் என்றார். நன்னீர் என்றார், வருங்காலச் சந்ததி என்றார், புயல் வந்த வருடத்தைச் சொன்னார், அதற்கு முந்திய புயலையும் சொன்னார். குசினி என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. வளவுக்காரர் தன் வேலிக்காகப் பேசும்போது வேலியைச் சொல்லவே மாட்டார், கவனித்திருக்கிறீர்களா?

“ஐயா,” என்றாள் டிலக்சனா, “உங்கட வளவு எது?”

காட்டினார். அவள் குனிந்து பார்த்து, பென்சிலால் மெதுவாக ஒரு கோடு போட்டாள். “முப்பது அடி கிழக்கால தள்ளினா உங்கட குசினி தப்பும். ஆட்சேபனையை எழுதித் தாங்கோ, பாப்பம்.”

சிங்கராசா பூநாரைகளைப் பாதி வானத்தில் விட்டுவிட்டு, “நல்ல திட்டம். மிச்சம் நல்ல திட்டம்” என்று கதிரையில் அமர்ந்தார்.

முப்பது அடி கிழக்கே அந்தப் பென்சில் கோடு போய் விழுந்தது ஸம்ஸியாவின் வீட்டின்மேல். யுத்த காலத்தில் வாழ்ந்த இடத்தை விட்டு ஓடி, பல வருடம் கழித்துத் திரும்பி வந்து கட்டிய இரண்டு அறைகள். ஒவ்வொரு மாரிக்கும் அதற்குள் முழங்கால் தண்ணீர். கடைசி வாங்கில் இருந்த ஸம்ஸியா எழும்பினாள், பென்சில் கோட்டை எட்டிப் பார்த்தாள், திரும்பவும் இருந்தாள்.

அப்போது திரேசம்மா எழும்பினாள். ஒலிவாங்கியைக் கேட்கவில்லை.

“பிள்ளை, அந்தக் கோட்டை அழியுங்கோ. வாய்க்கால் எங்கட குசினிக்காலயே போகட்டும்.”

“திரேசம்மா!” என்றார் சிங்கராசா.

“நீங்கள் இருங்கோ. பதினொரு வருசமா நான் புதுக் குசினி கேக்கிறன். மழை பெய்தா அடுப்புக்குக் குடை பிடிக்கிறது நான்.” டிலக்சனாவின் பக்கம் திரும்பினாள். “முன்வளவில சபை ஒரு குசினி கட்டித் தந்திட்டுத்தான் மண்வெட்டி வைக்கவேணும். அதை எழுதுங்கோ. அந்த நீலக்கோட்டையும் ஒருக்கா வந்து பாருங்கோ. விடியக்காலமை வாங்கோ, வள்ளங்கள் வாற நேரம். பாத்திட்டு, கரையில வேற எவ்வளவு இடம் மிஞ்சுது எண்டு சொல்லுங்கோ.”

மண்டபம் கைதட்டியது. ஸம்ஸியா கைதட்டவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டிலக்சனா பென்சில் கோட்டை அழித்தாள். செவ்வாய்க்கிழமை, திரேசம்மா சொன்னபடி, விடியற்காலையில் கரைக்கு வந்து நின்றாள்.

திருத்திய படம் தை மாதம் வந்தது. வள்ளக்கரையில் பாதி மீண்டது; மற்றப் பாதிக்காகச் சாந்தரூபன் இன்னும் கந்தோர்ப் படி ஏறிக்கொண்டிருக்கிறான். வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. போன மாரியில் ஸம்ஸியாவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. திரேசம்மாவின் புதுக் குசினிக்குப் பெரிய யன்னல், நல்ல புகைபோக்கி.

சிங்கராசாவோ வருகிறவர்களையெல்லாம் வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். குனிந்து தண்ணீரைக் காட்டுகிறார். பெருமூச்சு விடுகிறார்.

“ஊருக்காண்டி நான் விட்டுக்குடுத்தனான்,” என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காசா பணமா? உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு சுவரில் இப்படியொரு படம் ஒட்டியிருப்பார்கள். நீங்களும் பொறுப்பான ஆள், போய்ப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீடு என்ன நிறமென்று கேட்டால் நித்திரையிலும் சொல்வீர்கள்.

நல்லது. பக்கத்து வீடு என்ன நிறம்?