பயந்துபோன கம்ப்யூட்டர்

கார்னிவல் திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மலைநகரமான எல் ஆல்ட்டோவில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் திக்க ஆரம்பித்துவிட்டது. பாட்டுப் போட்டால் பாடகர் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு பத்துத் தடவை விக்கினார். கல்யாண வீடியோ போட்டால் பேண்டு வாத்தியம் தகரம் உருட்டியது. என்ன வியாதி? தெரு முழுக்க ஒரே பதில்தான்: கம்ப்யூட்டர் பயந்துவிட்டது, அதன் ஆன்மா ஓடிவிட்டது.

சிரிக்காதீர்கள். குழந்தை திடுக்கிட்டால் ஆன்மா உடம்பை விட்டு ஓடிவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. தாய் குழந்தையின் தொப்பியை ஆட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுவாள். காசு கேட்கமாட்டாள், பிள்ளை அழுகையை நிறுத்தினால் போதும் அவளுக்கு. இதில் ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தவர் சத்துர்னினோ; ஊர் அவரை மாயெஸ்த்ரோ, அதாவது குரு, என்று கூப்பிடும். மூன்று வருஷம் முன்புவரை கோச்சபம்பா நகரில் செல்போன் விற்றவர். கடை படுத்தது, ஞானம் எழுந்தது. கழுத்தில் கொக்கா இலைப் பை, தோளில் போஞ்சோ என்ற கம்பளிப் போர்வை, கையில் வெண்கல மணி. கார்னிவல் முடிந்த பிறகு வருஷம் தவறாமல் வருவார். திரை போட்ட மினிபஸ் ஒன்று அவர் போகும் தெருவிலெல்லாம் நிற்கும். கார்னிவலுக்கு முன்னால் எந்தக் கம்ப்யூட்டரும் ஏன் பயப்படுவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம். நல்ல ஏற்பாடு!

அந்தச் சனிக்கிழமை மாயெஸ்த்ரோவின் மணிச் சத்தம் தன் வாசலில் கேட்டபோது நிக்கனோர் கம்ப்யூட்டர் மேல் கையை வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வயதில் சுரங்கத்தில் வெடி முந்திக்கொண்டதில் கண் போன மனிதர். முப்பத்தைந்தில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் நிரல்தான் அவருக்குப் புத்தகமும் வாத்தியாரும். வியாழக்கிழமை ஐந்து பேர் முன்னால் கடைசி வாய்மொழித் தேர்வு. போன வாரத்திலிருந்து அந்தக் குரலும் திக்குகிறது. "பிரி-பிரி-பிரிவு நூ-நூ-நூற்று" என்று இழுத்தால் எந்தச் சட்டம் மண்டையில் ஏறும்?

அதற்கு மருந்தாகத்தான் அவர் மனைவி பசீலியா மாயெஸ்த்ரோவையே கூப்பிட்டுவிட்டாள். பின்னாலேயே அரைத் தெரு ஜனமும் வந்து கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தோமசா அம்மாள், ஊர் மரியாதையில் தோன்யா தோமசா, குணமான நோயாளியின் சொந்தக்காரி என்ற கௌரவத்தோடு முன்வரிசையில் நின்றாள்.

"பயப்படாதீங்க தோன் நிக்கனோர்! எங்களுத ஒன்பது நாள் ஏரிக்கரையில வெச்சு ஆன்மாவக் கூட்டியாந்தாரு. இப்ப ஒரு திக்கல் இல்ல."

"பாட்டு நல்லாக் கேக்குதா?"

"பாட்டா? அதெல்லாம் கேக்கல. சத்தமே கிடையாது. அவ்வளவு அமைதி!"

"எடை குறைஞ்சிருக்குமே?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்? பயம் இறங்கிடுச்சுல்ல, அதான் லேசாயிடுச்சாம்."

நிக்கனோர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒன்பது நாள் போனால் தேர்வும் போச்சு. திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது, அமைதி மட்டும் இருக்கும்.

"பசீலியா, இந்தாளு என் கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போகக் கூடாது."

"நீங்க வக்கீலாகணும்னுதானே கூப்பிட்டேன்? எட்டு வருஷப் படிப்பு வீணாப் போகணுமா? சும்மா இருங்க கொஞ்ச நேரம்." அவள் குரல் உடைந்தது. அவளுக்கு அவர் மேல் இருந்த பிரியத்தில் பொய் இல்லை. பிரியத்தை வைத்துத்தானே இந்த வியாபாரமே நடக்கிறது.

மாயெஸ்த்ரோ வண்ணக் கம்பளித் துணியை எடுத்து, கம்ப்யூட்டரையும் வயர்களையும் சேர்த்து மூடினார். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வெளியே நின்றன. புகை போட்டார். தொண்டையைச் செருமினார்.

"ஆன்மா வர்ற நேரம்! துணிக்கு உள்ளே எவரும் பார்க்கக் கூடாது. பார்த்தவன் கண் அவிஞ்சுபோகும்!"

மணியை ஓங்கி அடித்தார். "ஆன்மாவே, எங்கே இருக்கே?"

ஐந்தாறு வினாடி அமைதி. பிறகு ஸ்பீக்கர் பேசியது: டட்-டடட், டட்-டடட், டட்-டடட்.

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. ஒரு கிழவர் முழங்கால் போட்டார். நிக்கனோர் மட்டும் காதைத் தீட்டினார். அவர் கம்ப்யூட்டர் திக்குவது இப்படி இல்லை. இந்தச் சத்தத்தை அவர் தினம் கேட்கிறார், சமையலறை ரேடியோவில். புவனோஸ் ஐரெஸிலிருந்து பசீலியாவின் அக்கா கூப்பிடும்போது, பக்கத்தில் கிடக்கும் செல்போன் மணி அடிக்குமுன் ரேடியோ இதே டட்-டடட்தான் போடும். அக்காவுக்கு ஆன்மா உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது செல்போன் வழியாகத்தான் வருகிறது.

"மாயெஸ்த்ரோ, ஒரு சந்தேகம்," என்றார் நிக்கனோர். "துணிக்குள்ள பாத்தா கண்ணு அவிஞ்சிடும். எனக்கு ஏற்கனவே அவிஞ்சதுதானே? நான் கையை விட்டு என் கம்ப்யூட்டரத் தடவிக் குடுக்கலாமா? பாவம், பயந்திருக்கு."

கூட்டம் உருகிவிட்டது. "விடுங்க மாயெஸ்த்ரோ, அவருக்கு என்ன பயம்!" சத்துர்னினோவுக்கு மறுக்க வழி இல்லை. சாபத்தை வகுக்கும்போது குருடனை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாயெஸ்த்ரோ புகைக்குள் முகத்தை விட்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் மதியச் சாப்பாட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு நிறைய இருந்தது. நிக்கனோர் ஒன்றை எடுத்து ஸ்வெட்டர் கைக்குள் தள்ளினார். துணிக்குள் இரண்டு கையும் போயின. தடவினார், கொஞ்சினார், "சரியாப் போயிடும் கண்ணு" என்றார். கையை வெளியே எடுத்தார்.

"இப்பக் கேளுங்க மாயெஸ்த்ரோ."

மணி அடித்தது. டட்-டடட், டட்-டடட்.

"ஏரியில் இருக்கிறது! குளிரில் நடுங்குகிறது! ஒன்பது நாள் ஆகும்!"

"இது இந்தக் கம்ப்யூட்டர் ஆன்மாதானே? வேற எதுவும் இல்லையே?"

"என் தாய் மேல ஆணை! இதுக்குள்ள இருந்துதான் பேசுது!"

நிக்கனோர் துணியை ஒரே இழுப்பில் உருவினார். கூட்டம் மொத்தமும் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அந்தக் கூடத்தில் அந்த நிமிஷம் எல்லோரும் குருடர்கள். தோன்யா தோமசாதான், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று, ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஐயோ கடவுளே! ஸ்பீக்கர் வயரு... உருளைக்கிழங்குல குத்தியிருக்கு!"

எல்லாக் கண்ணும் திறந்தன. கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய வயரின் முனை, வெந்த கிழங்கின் நடுவயிற்றில் சொருகிக் கிடந்தது.

சத்துர்னினோ சளைத்தவர் இல்லை. "கிழங்குக்கும் ஆன்மா உண்டு! பூமித்தாயின் பிள்ளை அல்லவா அது!" என்று முழங்கினார். இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டியதையும் சொல்லியாக வேண்டும்.

"அப்ப கிழங்கையே இன்னொரு வார்த்தை கேப்போம்," என்றார் நிக்கனோர். "தோன்யா தோமசா, அந்த மணியப் பிடுங்கி நீங்க அடிங்க. அடிச்சிட்டு மாயெஸ்த்ரோ போஞ்சோவுக்குள்ள கைய விடுங்க. செல்போன் ஒண்ணு துடிக்கும்."

தோமசா அடித்தாள். கிழங்கு பேசியது. போஞ்சோவுக்குள் போன கை, பொத்தான் செல்போன் ஒன்றோடு வெளியே வந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்த அந்தச் செல்போன் வண்டு மாதிரி துடித்தது. திரையில் "ருஃபோ" என்று பேர். அவள் காதில் வைத்தாள்.

உள்ளே இருந்து எரிச்சலான குரல், கூடமே கேட்கிற மாதிரி: "மச்சான், இன்னும் எத்தன தடவ மணி அடிப்ப? சீக்கிரம் பெட்டியத் தூக்கிட்டு வா, வண்டிக்குள்ள விறைச்சுப் போறேன்!"

அப்புறம் நடந்ததை விவரிப்பானேன். மினிபஸ் திரை கிழிந்தது. உள்ளே ரொட்டிச் சாக்குகளில் விலை போகக் காத்திருந்தவை ஊர்க் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய மெமரியும் சவுண்டு கார்டும். தோமசா தன் கம்ப்யூட்டரின் "பயத்தை" ஒரு சாக்கிலிருந்து அள்ளிக்கொண்டாள். மாயெஸ்த்ரோவும் மச்சானும் வண்டியை விட்டுவிட்டுக் கால் போன திக்கில் ஓடினார்கள். ஏரிப் பக்கம் இல்லை என்று கேள்வி.

கூடம் காலியான பிறகு நிக்கனோர் திருப்புளியால் பெட்டியைத் திறந்தார். விரலை உள்ளே விட்டுத் துழாவினார். பெட்டியின் சூட்டைத் தணிக்கும் காற்றாடி முழுக்கச் சின்னச் சின்னக் காகிதத் துண்டு. பிசுபிசுப்பாக ஏதோ ஒன்று அவற்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

பசீலியா பார்த்தாள். முகம் வெளிறியது. "கார்னிவல் செவ்வாய்க்கிழமை... நான்தான். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் வாழ்த்தினப்ப, இதுக்கும் பீர் தெளிச்சு வண்ணக் காகிதம் தூவினேன். உங்க தேர்வு நல்லா நடக்கணும்னு."

"ஊரே தூவுச்சு, ஊரே திக்குது. காத்தாடி சுத்தல, பெட்டி கொதிக்குது, கொதிச்சா குரல் திக்குது. அவ்வளவுதான் சங்கதி. உன் வாழ்த்து என்கிட்ட வந்து சேர்ந்திடுச்சு பசீலியா. அத எம் மேல தூவியிருக்கலாம், எனக்குக் காத்தாடி கிடையாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பல் துலக்கும் பிரஷை அவளே எடுத்துவந்து துடைத்தாள். பெட்டியை மூடி, கிழங்கிலிருந்த வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகி ஸ்விட்ச் போட்டதும், "பிரிவு நூற்றுப் பதினொன்று" என்றது குரல், ஒரு விக்கல் இல்லாமல். நிக்கனோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியாழனுக்கு நான்கு நாள் முழுசாக இருந்தது.

மறுநாள் காலை வாசலில் சந்தடி. கம்பளியில் சுற்றிய பெட்டிகளோடு தெருவே வரிசையில் நின்றது. முதல் ஆள் தோமசா, பெட்டி முதுகில். ஒரு கையில் பீர், ஒரு கையில் வண்ணக் காகிதப் பொட்டலம்.

"தோன் நிக்கனோர், உங்களுக்குத்தான் நிஜமான சக்தி இருக்கு! எங்களுதையும் தொட்டுக் குடுங்க. மந்திரம் ஏதாவது சொன்னாலும் சரி."

நிக்கனோருக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"மந்திரமா? நல்லாக் கேட்டுக்குங்க, ஒண்ணுதான் இருக்கு. பாத்தா கண்ணு போயிடும்னு எவன் சொல்றானோ, அங்கதான் முதல்ல பாக்கணும். கண்ணு போனவன் சொல்றேன். எனக்கு ஒண்ணும் பாத்ததால போகல!"