மாமியின் கொண்டையில் ஒரு வெட்டுக்கிளி

தமிழில் 'பிடிக்கும்' என்ற சொல்லை நம்பி யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதுவும் கலியாணப் பேச்சு நடக்கும்போது, தொலைபேசியில், பெண்ணின் தாயாருக்குக் கொடுக்கவே கூடாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நோர்வேயின் ஸ்தவாங்கரில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் நான் பொறியியலாளனாகச் சேர்ந்த புதிது. ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட் பக்கம், ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் சுகன்யா. படத்தைப் பார்த்த அன்றே மனதளவில் நான் மாப்பிள்ளையாகிவிட்டேன். ஒருநாள் அவளுடைய அம்மா தொலைபேசியில், "தம்பி மீன் பிடிப்பீரோ?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது, "மீன் பிடிக்குமோ?"

"மீனெண்டால் எனக்கு உயிர் அன்ரி!"

மறுமுனையில் ஓர் ஆனந்தப் பெருமூச்சு கேட்டது. (பிடிப்பது கிடக்கட்டும், எனக்கு மீனை ஒழுங்காக வெட்டக்கூடத் தெரியாது.)

ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை பெண் பார்க்கப் போனேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து, கையில் கேக் பெட்டி. கதவைத் திறந்த மாமி, அதாவது சுகன்யாவின் அம்மா, நெற்றியில் குங்குமமும், தலையில் தேங்காய் அளவு கொண்டையும், மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டையுமாக நின்றார்.

"வாரும் தம்பி! உமக்கும் இந்தக் காற்சட்டை ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். கேக்கைப் பிறகு சாப்பிடலாம், வெய்யில் போகமுன்னம் ஆத்துக்குப் போவம்."

மாமிக்கு ஒரு பாலர் பாடசாலையில் வேலை. கூட வேலைசெய்த நோர்வேக்காரி ஒருத்தி பழக்கிவிட்ட பைத்தியம் இது. மாமாவும் மகளும் துணைக்கு வர மறுத்துவிட்டார்களாம். அதனால்தான் மருமகன் தேவைப்பட்டிருக்கிறது.

படியில் வைத்து சுகன்யா மெல்லக் கேட்டாள். "உண்மையாவே உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமோ?"

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்லக்கூடிய ஆண்மகன் இனித்தான் பிறக்கவேண்டும். "ஓம்" என்றேன்.

ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஆறு. கரை நெடுகப் புல்வெளி. கால் வைக்கிற இடமெல்லாம் வெட்டுக்கிளிகள் தெறித்துப் பாய்ந்தன. அவற்றில் ஒன்றிரண்டு தண்ணீரில் விழும், அதற்காகக் கரையோரத்தில் மீன்கள் காத்திருக்கும் என்றார் மாமி. பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே அவரே கட்டிய போலி வெட்டுக்கிளிகள். மஞ்சள் நுரைப்பஞ்சில் உடம்பு, மான்மயிரில் இறக்கை, ரப்பரில் கால்கள், வயிற்றுக்கடியில் ஒரு தூண்டில் முள்.

"மற்றப் பூச்சியளை மெல்லமாப் போடவேணும் தம்பி. வெட்டுக்கிளி தொப்பெண்டு விழவேணும். தடுக்கி விழுந்திட்டுது எண்டு மீன் நம்பவேணும்."

தடுக்கி விழுவதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆற்றில் வைத்த முதல் அடியிலேயே செய்து காட்டினேன்.

தூண்டிற்கோலைப் பின்னால் வீசி, நூல் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். இந்தப் 'பொறுத்து' என்கிற இடம் எனக்குப் பிடிபடவில்லை. வெட்டுக்கிளி புல்லில் மாட்டியது. பிறகு என் முதுகில் மாட்டியது. பிறகு, எப்படியென்று இன்றுவரை தெரியாது, என் காற்சட்டைக்கு உள்ளே இருந்தது.

"ஸ்தவாங்கரிலை இப்பிடித்தானோ வீசுறவை?"

"ஓம் அன்ரி, அங்கை கடல்காத்து. முறை வேறை."

பாவம் மாமி, சிக்கெடுக்க என் பின்னால் வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. இந்தமுறை மானம் காக்கும் வேகத்தில் கோலைப் பின்னால் விசுக்கினேன். கனமான ஓர் இழுவை. கோல் வளைந்தது.

"அன்ரி! பெரிசு! சரியான பெரிசு!"

மீன் எப்படி எனக்குப் பின்னால், கரையில் இருக்கும் என்ற கேள்வி அந்தப் பொறியியல் மூளையில் உதிக்கவேயில்லை. "ஐயோ, விடும்! விடும்!" என்று யாரோ கத்தினார்கள். 'விடாதையும்' என்றே எனக்குக் கேட்டது. பலங்கொண்ட மட்டும் முன்னால் இழுத்தேன்.

என் தலைக்கு மேலால் கறுப்பாக ஒன்று பறந்துபோய் ஆற்றில் விழுந்தது. தொப்பென்று.

திரும்பினேன். மாமியின் தலையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு குடுமி மட்டும் மிச்சம் இருந்தது. பறந்தது சவுரிமுடி. கலியாணமும் கூடவே பறந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"அன்ரி... நான்... மன்னி..."

மாமி என்னைப் பார்க்கவேயில்லை. அவருடைய பார்வை ஆற்றில் இருந்தது. சவுரி மெல்ல மிதந்தது. அதன் ஓரத்தில் வெட்டுக்கிளியின் ரப்பர் கால்கள் நடுங்கின. திடீரென்று தண்ணீர் வாய் திறந்தது. சளக்!

"கவ்வியிட்டுது! கோலைத் தூக்கும்! தூக்கும் தம்பி! மீனை விட்டீரோ, பெட்டையும் இல்லை!"

அதன்பிறகு நடந்தது போர். மீன் என்னை இழுத்தது. நான் விழுந்தேன். காற்சட்டைக்குள் ஆறு புகுந்தது. மாமி என் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தார். கடைசியில் நான், மாமி, மீன் மூன்று பேரும் ஒரு குவியலாகக் கரை சேர்ந்தோம். எங்கள் நடுவே கறுகறுவென்று தாடி வைத்த ஒரு திறவுட் மீன் துள்ளியது. மாமி குடுமி ஆட ஆடச் சிரித்தார்.

திரும்பும்போது காரில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு இது தெரியாது தம்பி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

"நான் ஒண்டும் காணேல்லை அன்ரி."

"நீர் நல்ல பிள்ளை."

அன்றிரவே அது குழம்பாகியது. மீன்தலை வழக்கம்போல மாமாவின் பங்கு. உறிஞ்சிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, வித்தைக்காரன் நாடா இழுப்பதுபோல, முழ நீளக் கறுப்பு மயிர் ஒன்றை இழுத்து இழுத்து எடுத்தார்.

"இஞ்சேரும், இந்த மீன் எங்கையப்பா சீப்பு வாங்கித் தலை இழுத்தது?"

எனக்குப் புரை ஏறியது. மாமி முதலில் முறைத்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்து, எல்லாவற்றையும் தன் வாயாலேயே கொட்டிவிட்டார். சுகன்யா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். மாமா மட்டும் நிதானமாக மீன் கண்ணை உறிஞ்சினார்.

"சவுரியோ? அது எனக்குக் கலியாணம் கட்டின கிழமையே தெரியுமே. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அடுத்த வருடம் எங்கள் கலியாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் சோற்றில் தலைமயிர் கிடந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூத்த மகள் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மாமியிடம் கேட்பாள்:

"அம்மம்மா, இது எத்தினை கிலோ மீன்?"