அப்பாவும் அப்பாத்துரையும்

போனில் பெயர்களை முழுசாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று நான் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. நான் அரைகுறையாகப் பதிந்து வைத்ததால்தான் என் நண்பன் செல்வம் இன்று உயிரோடு இருக்கிறான்.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம், நானும் அவனும் பெரிய மனிதர்களாகிவிடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் வகுப்பிலேயே ஒழுங்காக மீசை முளைத்தவன் அவன்தான் என்பதால் பாட்டில் வாங்கும் பொறுப்பு அவனுக்கு. அவனுடைய சித்தப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பாலவனத்தம் கண்மாய்க்குப் போனோம். (கண்மாய் என்றதும் தண்ணீரைக் கற்பனை செய்ய வேண்டாம். கோடையில் எங்கள் பக்கம் அது கருவேலங்காடு.) தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும் என்று தெரிந்த எங்களுக்கு, தண்ணீர் கொண்டுபோகத் தோன்றவில்லை. கொளுத்தும் வெயில், வெறும் வயிறு, தொட்டுக்கொள்ளக் காராச்சேவு.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண்மாயே சுற்றியது. செல்வம் மல்லாந்துவிட்டான். உலுக்கினேன், கிள்ளினேன், "உங்க சித்தப்பா வாராருலே" என்றும் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அவனைப் பைக்கில் ஏற்றி நானே ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தவன், வண்டியோடு முள்ளில் சாய்ந்தேன். (வண்டி அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தது.)

கடைசியில் வகுப்புத் தோழன் அப்பாத்துரைக்குப் போன் போட்டேன். அவன் அண்ணனிடம் ஆட்டோ இருந்தது.

"ஏலே, சீக்கிரம் வாலே. செல்வம் மட்டையாயிட்டான், எந்திரிக்க மாட்டேங்குறான். பாலவனத்தம் கம்மாயில கெடக்கோம். எங்கப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, தோலை உரிச்சிருவாரு."

எதிர்முனையில் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"அவனை ஒருக்களிச்சுப் படுக்க வையி. மல்லாக்கக் கெடந்தா வாந்தி தொண்டையில அடைச்சிரும். வண்டியத் தொடாத. இந்தா வாரேன்."

அப்பாத்துரைக்கு எப்போது குரல் இப்படிக் கட்டையானது என்று யோசித்தபடியே செல்வத்தைப் புரட்டினேன். புரட்டிய மறு நிமிஷம் அவன் வாந்தியெடுத்தான்.

ஆட்டோ வந்தது. இறங்கியவர், பாளையம்பட்டியில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் என் அப்பா. என் போனில் 'அப்பா'வுக்குக் கீழேதான் 'அப்பா து' இருந்தது. சோம்பேறித்தனத்தால் நண்பன் பெயரை அந்த அளவோடு நிறுத்தியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் செல்வத்துக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மல்லாக்கவே விட்டிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை கடையில், உரிக்கப்போகும் தோலோடு போய் நின்று, யாருக்குப் போட நினைத்த போன் அது என்பதையும் ஒப்பித்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"தோலை உரிப்பேன்னு பயந்துதான அப்பாத்துரையத் தேடுன? அந்தப் பயத்துல ஒரு பய செத்திருப்பான். இந்த வயசுல குடிக்கிறது ஒடம்புக்கு வெசம், இனிமே தொடாத. மீறி எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா மொதப் போன் எனக்கு வரணும். கூட்டிட்டு வந்துட்டு, மறுநாள் சாவகாசமாத் திட்டிக்கிறேன்."

மறுநாள் என்பது அன்றுதான் என்பதால், சாவகாசமாகவே திட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் இடைவேளை விட்டார்.

அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. ஆனால் வீட்டில் அப்பாவுக்குப் பெயர் மாறிவிட்டது. நான் எப்போது போன் செய்தாலும், "ஏலே, அப்பாத்துரை பேசுறேன்" என்றுதான் எடுப்பார்.

போன மாதம் அக்கா மகன் முதல்முறையாகக் கூட்டாளிகளோடு கொடைக்கானல் கிளம்பினான். அக்கா அவன் போனை வாங்கி, தாத்தா நம்பரை 'அப்பாத்துரை' என்று மாற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற அப்பா சொன்னார்: "எதுன்னாலும் கூப்பிடு. 'ஏலே'ன்னே ஆரம்பி, அப்பத்தான் நான் வெரசா வருவேன்."