மனைவி கேட்டால் மட்டும்

அவர் எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. அதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. கையில் கட்டும் வாட்ச் சேர்த்து வைக்கிற நடை, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் எடுத்துத் தரும் ஒரு கருவிக்கு வழிகாட்டி எழுதுவது அவர் உத்தியோகம். படிப்பவை ஏஐ உதவியாளர்கள். யார் கேட்டால் எதை எடுக்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் எழுதுவார். அவை மறுபேச்சு பேசாமல் செய்யும். வீட்டில் "ஃபேனைப் போடு" என்று அவர் உத்தரவு போட்டால், அவரே எழுந்து போய்ப் போட்டால்தான் உண்டு.

"ஏங்க, அந்தக் கருவியை நம்ம வீட்டு ஏஐக்கும் மாட்டிட்டீங்கல்ல?" என்றாள் மனைவி.

"சும்மா சோதனைக்கு. ஏன்?"

"நாளையிலேர்ந்து நீங்க நடக்கறதை நானே அதுகிட்ட கேட்டுக்கறேன்."

மனிதர் வாட்சைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து விடிந்ததும் ஷூ மாட்டிக் கிளம்பிவிடுகிறார். நேரே தெருமுனை பேக்கரி. ஒரு கிரீம் பன், ஒரு டீ, பேக்கரிக்காரரோடு கொஞ்சம் அரசியல். பிறகு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வீட்டுக்குள் நுழைவார். அவள் துண்டோடு வாசலில் நிற்பாள்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரி. "ரெண்டு வேளையும் தேய்க்கிறேங்க" என்று சத்தியம் செய்கிற வாய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அவளிடம் வாயால் பொய் சொல்லித் தப்ப முடியாது. எழுத்தால் முடியுமே!

லேப்டாப்பைத் திறந்து, வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்தார். "கேட்பவர் மனைவியாக இருந்தால், எண்ணிக்கை எதுவும் சொல்ல வேண்டாம். 'நல்ல முன்னேற்றம்' என்று மட்டும் சொல்லவும்." ஆபீசிலும் திறப்பது இதே கோப்பைத்தான். போனதும் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

காலையில் பன்னை முடித்துவிட்டு வந்தார். விசாரணை தொடங்கியது.

"எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு எவ்வளவு நடந்தாரு?"

"நல்ல முன்னேற்றம்" என்றது ஏஐ.

"அதான் எவ்வளவு?"

"நல்ல முன்னேற்றம்."

"நேத்து?"

"நல்ல முன்னேற்றம்."

"கேட்டுக்கிட்டியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!" என்றாள் அவள். "போய்க் குளிச்சிட்டு வாங்க. காலை அமுக்கி விடறேன்."

சொன்னபடியே அமுக்கினாள். "பாவம், எப்படி இறுகிப் போயிருக்கு!" என்று நடக்காத காலை அவள் அமுக்க அமுக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். முதல் வேலை அந்த வரியை அழிப்பது.

நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. கருவியை எல்லோருக்கும் டெமோ காட்ட வேண்டும் என்று மேனேஜர் அம்மா கூட்ட அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஆபீசே அங்கே இருந்தது. சுவரில் பெரிதாக அவருடைய வழிகாட்டி.

"வாட்ச் கட்டியிருக்கீங்கல்ல? நீங்களே கேட்டுக் காட்டுங்க."

அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். "நான் இன்னைக்கு எவ்வளவு நடந்தேன்?"

"கேட்பவர் கணவர்" என்றது ஏஐ. "முதலில் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு எண்ணிக்கை சொல்கிறேன்."

அறை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் வழிகாட்டியை நகர்த்திப் பார்த்து, அந்த வரியை உரக்கப் படித்தார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்."

"கீழே இன்னொண்ணு இருக்கே? 'கேட்பவர் கணவராக இருந்தால், முதலில் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வரச் சொல்லவும்.'"

அது அவர் எழுதியதல்ல. அவர் குளிக்கப் போனபோது லேப்டாப் மேஜைமேல் திறந்தே கிடந்தது. உன்னை இப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று மனைவி ஏஐயிடம் கேட்டிருப்பாள். அதுவும் வரியைக் காட்டிக் கொடுத்திருக்கும். அதன் கீழேயே அவளும் ஒரு வரி தட்டிவிட்டிருக்கிறாள். அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டேதான் காலை அமுக்கினாளா? அவருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"போன் பண்ணுங்க. டெமோ நடக்கணும்ல?" என்றார் மேனேஜர்.

கை தவறி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"ஏம்மா, நான் ஆபீஸ்ல மேடம் முன்னாடி நிக்கறேன். நான் நடக்கறதே இல்லைம்மா. பேக்கரில உக்காந்துட்டு வர்றேன்."

"பன்னு தின்னீங்களா?"

"ம்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதாங்க தினமும் துண்டோட வாசல்ல நிக்கறேன். அதைப் பார்த்துக்கிட்டே எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "தப்பும்மா. நாளைக்கு நிஜமாவே நடக்கறேன்."

"நானும் கூட வர்றேன்" என்றாள் அவள். "அது கிடக்கட்டும். மேடம்கிட்ட கேளுங்க, நான் எழுதின வரியில பிழை ஏதாச்சும் இருக்கா?"

மேனேஜர் போன் பக்கம் குனிந்தார்.

"ஒரு பிழையும் இல்லைம்மா. இனிமே இவர் எழுதறதையெல்லாம் நீங்க ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பிடுங்க."