பள்ளத்தூர் வீட்டின் பதினாறாவது அறை

காரைக்குடி,
ஆனி 25.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீரையா அத்தானுக்கு, மைத்துனன் சேவுகப்பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி அழகியும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் ரேணுகா அக்காவின் சர்க்கரை அளவையும் நம் ஐயனார் பார்த்துக்கொள்ளட்டும்.

போன வாரம் போனில், "ஏப்பா, இங்க மெட்ராசுல உனக்காக மாடிப் போர்ஷனைக் காலியாப் போட்டு ஒரு வருஷமாச்சு. ஒரு ரூமை அளக்குறதுக்காக ஒருத்தன் இம்புட்டு நாளு உக்காந்திருப்பானா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். போனிலேயே பதில் சொல்லியிருந்தால் அக்கா நடுவில் வாங்கி, "நீ எப்ப வார, அதை மட்டும் சொல்லு" என்று முடித்திருப்பாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்னையிலுள்ள எங்கள் கட்டட வடிவமைப்புக் கம்பெனி பதினோரு வருடத்துக்கு முன் காரைக்குடியில் மண்டல அலுவலகம் திறந்து, என்னை அதற்குத் தலைவராக்கியது. மண்டலம் என்றால் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டு அறை. படம் வரைய மாரீஸ்வரி, கட்டட வேலையைப் பார்க்கச் செல்வம், இந்த இரண்டு பேருக்கும் தலைவனாக நான். போர்டு மாட்டிய அன்றைக்கு மாடியேறி வந்த முதல் மனிதர், "இங்க வாஸ்து பாப்பீகளா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப என்னதான் பாப்பீக?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கேள்வியை நினைத்து மூன்று பேரும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம் தெரியுமா. மாரீஸ்வரி அப்போது கல்யாணம் ஆகாத பெண். இப்போது அவள் மகள் மூன்றாம் வகுப்பு. செல்வத்துக்குத் தலை நரைத்துவிட்டது, அவன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் கடைசி வேலை பள்ளத்தூர் வீடு. பழுது பார்ப்பதற்கு முன்னால் வீடு முழுவதையும் அளந்து படம் போட்டுத் தர வேண்டும். சென்னையில் மூன்று வாரம் போதும் என்று எழுதினார்கள். வீட்டுக்குப் பத்தொன்பது பங்காளிகள், பூட்டிய அறைகள் பதினாறு, ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு ஊரில் என்பது அவர்களுக்குத் தெரியாது. டேப்பும் கையுமாக முதல் நாள் போனபோது, வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் காளியாயி வாசலை மறித்துக்கொண்டு, "வீட்டுக்காரக இல்லாதப்ப ஆரைக் கேட்டு வாரீக?" என்றாள். மண்டலத் தலைவர் என்று கார்டை நீட்டினேன். அதை வாங்கிக் கதவு ஆடாமல் இருக்கக் கீழே செருகினாள்.

அதன் பிறகு சாவிகள் வர ஆரம்பித்தன. வந்தன என்றால் சும்மா வரவில்லை. சொந்தக்காரர்களும் கூடவே வருவார்கள், நல்ல நாள் பார்த்துத்தான் திறப்பார்கள், திறந்த அன்றைக்குச் சமையல் உண்டு. ஒரு அறையை அளக்க இருபது நிமிடம், சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று மணி நேரம். நான்காவது அறையைத் திறந்தவர் மலேசியாவிலிருந்து வந்தவர், தான் பிறந்த அறை என்று சொல்லி அளக்கவே விடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்களும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு நின்றோம். பதினோராவது அறையில் சுவரே தெரியாத அளவுக்குப் பாத்திரம். எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்து வைத்து, அளந்து, திரும்ப அடுக்கியபோது ஒரு வெள்ளிக் கரண்டி குறைகிறது என்றார்கள். செல்வம் அழாத குறை. சாயங்காலம் அது ஒரு குத்துவிளக்குக்குள்ளிருந்து விழுந்தது. அன்றைய வேலை அறிக்கையில் மாரீஸ்வரி 'கரண்டி தேடியது, எட்டு மணி நேரம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டாள். சென்னையில் அதை மீட்டிங்கில் வாசித்தார்களாம்.

இப்படிப் பதினைந்து அறை முடிந்து, சுபலட்சுமி ஆச்சியின் அறை ஒன்றுதான் பாக்கி. ஆச்சி கோயம்புத்தூரில் இருக்கிறார். முழங்கால் வலி. "நானே வந்து தெறக்குறேன் தம்பி, சித்த பொறுங்க" என்கிறார். சென்னை அலுவலகத்தில் என் மேலதிகாரியாக இப்போது வந்திருக்கும் ஜனனி என்ற பெண் என் மகள் வயது. "சார், பதினஞ்சு ரூமும் ஒரே சைஸ்தானே. பதினாறாவதையும் அப்படியே காப்பி பண்ணிப் போட்டுடுங்களேன்" என்றாள். பார்க்காத அறையைப் பார்த்ததாக என் கை வரையாது என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடத் தொழில், அத்தான். அதில் சமரசம் கிடையாது. சாவி வரும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது என்பதை அக்காவுக்கு நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளும், மாடிப் போர்ஷனுக்கு நல்ல குடித்தனமும் அமையட்டும்.

என்றும் தங்கள் மைத்துனன்,
சேவுகப்பெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன கை ஒட்டாமல் நிற்கிறது. உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சாவி பங்குனியிலேயே கூரியரில் வந்துவிட்டது. "இனிமே என்னால அங்குட்டு வர முடியாது, நீங்களே தெறந்துக்கங்க, உங்களைவிட்டா யாரு இருக்கா" என்று ஆச்சி துண்டுச்சீட்டு எழுதி வைத்திருந்தார். தனியாகப் போய்த் திறந்தேன். உள்ளே ஒரு மர நாற்காலி மட்டும் இருந்தது. அளந்தேன், ஜனனி சொன்ன அதே அளவு. பிறகு அந்த நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளத்தூர்ப் படம் வந்ததும் காரைக்குடி அலுவலகத்தை மூடவும், தாங்கள் சென்னைக்கு வரவும் என்று போன வருடமே உத்தரவு வந்தது உங்களுக்குத் தெரியும், அத்தான். மாரீஸ்வரியும் செல்வமும் எங்கே போக வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. மூன்று முறை கேட்டு எழுதினேன், பதில் இல்லை. எனக்கும் இவர்களை விட்டு வர மனசில்லை. காளியாயியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள். "ஆடி பொறக்கப் போகுது, ஆடி ஆகாது. பொரட்டாசி ஆகாது. மார்கழி ஆகவே ஆகாது. நடுவுல உள்ள மாசத்துல எல்லாம் ஆச்சிக்குக் காலு வலி. தைக்கு முந்தி தெறக்க நாளே இல்லைன்னு மெட்ராசுக்கு எழுதிப் போடுங்க" என்றாள். எழுதிப் போட்டுவிட்டேன். ஜனனி, எந்தத் தை என்று கேட்கவில்லை.