நாற்பது கிரேட்டும் ஒரு ரிப்பனும்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். அவள் என்னோடு பேசாமலிருப்பதால் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். எட்டிப் பார்த்தால் தெரிகிற வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லி என்னைச் சரிக்கட்டிவிடுவீர்கள். காகிதம் என்றால் முழுசாகக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

போன மாதம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மச்சான், உங்க கம்பெனியில வீணாப்போன தலை எண்ணெய் பாட்டிலும் மூடியும் மூட்டை மூட்டையா கிடக்குதே, எங்ககிட்ட குடுத்தா அரைச்சு உருக்கி, சரக்கு அடுக்குற கிரேட்டா பண்ணி உங்களுக்கே தந்துடுவோமே" என்றீர்கள். வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதை நீங்கள் சம்மதம் என்று உங்கள் முதலாளியிடம் சொல்ல, அவர் எங்கள் முதலாளியிடம் சொல்ல, பத்தே நாளில் இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தமாகி, அதில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. இருபத்தாறு வருஷமாக ஸ்டோரில் சாமான் எண்ணிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் காலம் தள்ளியவன் நான்.

பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். உங்கள் ஆய்வுக்கூடத்து அம்மா வந்து, தண்ணீரில் போட்டால் மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு முழுகும், இரண்டையும் கலந்து அனுப்பினால் கிரேட்டைத் தூக்கும்போதே பிய்ந்து கையோடு வரும் என்று பாடம் எடுத்தார். பழகிப் பார்க்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை டப்பாக்களின் விளிம்பில் டப்பாவுக்கு ஒரு துண்டு கத்தரித்துக் குளியலறை வாளியில் போட்டேன். இவள் வந்து பார்த்தாள். "இது என்ன?" என்றாள். "இது மிதக்குது, அது முழுகுது" என்று விளக்கினேன். "நீங்க எதுல சேர்த்தி?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அது வீட்டோடு போயிற்று. முதல் லோடில் மூடிகளைச் சரியாகக் கழுவாமல் அனுப்பியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் செய்த கிரேட்டில் நாலைந்தை மாதிரிக்கென்று உங்கள் விற்பனைக்காரர்கள் ஒரு ரொட்டிக் கடைக்குக் கொடுத்ததும், கடைக்காரர் என் நம்பரைத் தேடிப் பிடித்ததும் என் தப்பா? "சார், ரொட்டியில தலை எண்ணெய் வாசனை அடிக்குது. ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. இன்னொருத்தர் இத சாப்பிட்டா முடி வளருமான்னு கேக்குறார்" என்றார் அந்த மனிதர். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "அவருக்கு மட்டும் ரெண்டு வித்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மூடியையும் நானே நின்று வெந்நீரில் கழுவவைத்து அனுப்பி, வாசனையே இல்லாமல் நாற்பது கிரேட் வந்து இறங்கியது புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. பதினொன்றுக்கு இரண்டு முதலாளிகளும் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. பளபளவென்று நீல நிறம், மாப்பிள்ளை. பெத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கம்பெனி வாசலோரம் அழகாக அடுக்கவைத்துவிட்டு ரிப்பன் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் இடம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. கழிவு ஏற்ற தினமும் நீங்கள் அனுப்புகிற லாரி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வாசல்ல இருந்த சரக்கு?"

"எறக்கியாச்சு சார்."

"எங்க எறக்கினீங்க?"

"அரைக்கிற மிஷின்லதான். இன்னிக்கு சரக்கு ரொம்ப சுத்தம் சார், சர்ருன்னு போயிருச்சு. உங்க ஆளுங்க நல்லா வேலை கத்துக்கிட்டாங்க."

வாசலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்தவன் நான்தான். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

இரண்டு கம்பத்துக்கு நடுவே ரிப்பன், அதற்குப் பின்னால் வெறும் தரை. "எங்கய்யா கிரேட்?" என்றார் எங்கள் முதலாளி. "மறுசுழற்சி ஆயிடுச்சு சார்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. அப்போதுதான் நீங்கள் முன்னால் வந்து, "வண்டிக்காரர் எங்க ஆளு சார், நான்தான் அவருக்கு சரியா சொல்லல" என்றீர்கள். உங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் முதலாளி உங்களைப் பார்த்த பார்வை மூன்று நாளாக என் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு ஒன்று ஆனால் ஸ்டோருக்குத் திரும்பிவிடுவேன். உங்களுக்கு வர வேண்டிய பெரிய வேலை என்னால் போனால் என் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த ஒப்பந்தத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டு விவரமான ஆளாகப் போடச் சொல்லுங்கள். இனி எனக்காக நாலு பேர் முன்னால் பொய்யும் சொல்லாதீர்கள். எனக்குத் தாங்கவில்லை.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, எந்த ஒப்பந்தத்திலும் மாட்டாமல் நூறாண்டு இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு: உறையில் போடப் போகும்போது முதலாளி கூப்பிட்டார். அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்த தண்ணீர்த் தொட்டிக் கம்பெனிக்காரர், அரைத்த கிரேட்டையே உங்கள் ஆட்கள் மறுபடி உருக்கிச் செய்து மறுநாள் கொண்டுவந்து அடுக்கியதைக் கேள்விப்பட்டு, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும், நாங்களும் சேர்கிறோம் என்று எழுதிவிட்டாராம். உங்கள் முதலாளிக்கு ஏக சந்தோஷம். இந்தப் பிரிவுக்கு உங்களைத் தலைவராக்கியிருக்கிறார்களாம். மூன்று கம்பெனிக்கும் யாரைப் பொறுப்பாகப் போடலாம் என்று எங்கள் முதலாளி யோசித்தார். வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும் சார், நானே பார்த்துக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை தொட்டிக் கம்பெனியில் மிதப்பது முழுகுவது பற்றி நான் பாடம் எடுக்க வேண்டும். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை. தயவுசெய்து பின்குறிப்பை மட்டும் படிக்கவும்.