வேம்பை வாடவைத்த தாய்மாமன்

திண்டுக்கல் பக்கம் வேம்பு வளர்க்க ஆள் தேவையில்லை. காக்காய் எச்சம் போட்டால் சுவர் இடுக்கில்கூட முளைத்துவிடும். அப்பேர்ப்பட்ட மரத்தையே ஒரே காலை வெயிலில் தலைதொங்க வைத்தவன் நான். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகளுக்கு நிச்சயம் ஆனதுமே, தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு வேப்பங்கன்று தருவது என் பொறுப்பு என்று சபையில் அறிவித்தேன். பிறகு பத்திரிகையிலும் போடச் சொன்னேன்: 'தாய்மாமன் தன் கையால் வளர்த்தது.' (என் கை எப்படிப்பட்டதென்று அப்போது எனக்கே தெரியாது.)

மாடியில் பச்சை நிழல்வலை கட்டினேன். ஒன்று போதாதென்று அதற்கு மேல் இன்னொன்று. இரண்டு வேளையும் தண்ணீர். இடம் பற்றாத முப்பது கன்றுகளை மட்டும் கொல்லைச் சுவரோரம் இறக்கிவைத்து, அதோடு மறந்தும் போனேன்.

வலைக்குள் இருந்தவை சரசரவென்று உயர்ந்தன. இலை அகலம், தண்டு ஈர்க்குச்சி.

"பாத்தியாக்கா, என்னா வளத்தி!"

"வளத்தி இருக்குடா. நிக்குமா? காலேஜ்ல நீ இருந்த மாதிரியே இருக்கு."

கல்யாணம் வைகாசியில். அதிகாலையிலேயே மண்டப வாசலில் கன்றுகளை வரிசையாக அடுக்கினேன். பத்து மணிக்கு இலைகள் துவண்டன. பதினோரு மணிக்கு அத்தனையும் தலைகுனிந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டன. விருந்தினர் சாப்பிட்டு வெளியே வரச் செத்த நேரம்தான் இருந்தது. வாசல் சாமியானாவை அவிழ்த்துக் கன்றுகளுக்கு மேல் கட்டச் சொன்னேன்.

"அண்ணே, கீழ மாப்பிள்ள வீட்டாளுக உக்காந்திருக்காக," என்றார் பந்தல்காரர்.

"ஆளு வாடாதுய்யா, அவுத்துவிடு!"

அவிழ்த்தார். பட்டு வேட்டியோடு நடு வெயிலில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, சம்பந்தி. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி விவசாயி. அவர் எழுந்ததும் அந்தப் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலியாயின.

"ஏலே, தாலி கட்டின அன்னைக்கே எம்புள்ளைய வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வச்சிருவ போல!" அக்கா பல்லைக் கடித்தாள்.

சம்பந்தி என்னிடம் வரவில்லை. நேராகக் கன்றுகளிடம் போய், ஒன்றின் தண்டை நீவிப் பார்த்தார்.

"ஏனுங்க, நெழல்லயே வச்சிருந்தீங்களா?"

"பொத்திப் பொத்தி வளத்தேங்க."

"அதானுங்க. வெளிச்சத்தத் தேடி மேல மேல ஓடியிருக்குது. தண்ணி இருந்த எடத்துக்கே வந்தா வேரு எதுக்குங்க கீழ போகுது? கொஞ்சங் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்கியிருக்கோணுங்க."

இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அப்போதுதான் கொல்லைக் கன்றுகள் நினைவுக்கு வந்தன. வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். மாதக்கணக்கில் வெயிலை மட்டுமே தின்று முப்பதும் நின்றன: சாண் உயரம், சின்ன இலை, விரல் கனத் தண்டு. தூக்கினால் வரவில்லை. வேர் பையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போயிருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கடப்பாரையால் தோண்டினேன். ஆட்டோவில் ஏற்றி வந்து, வாசலில் கடைசிக் கன்றை இறக்கியபோது கண் இருட்டியது.

விழித்தபோது சாமியானாவுக்குக் கீழே, வாடிய கன்றுகளின் நடுவே படுத்திருந்தேன். சம்பந்தி என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

குட்டைக் கன்றுகளில் ஒன்றை அவரே கேட்டு வாங்கிப் போனார். வேர் பாதி அறுந்திருந்தும் பிழைத்து, இன்று அவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு அதுதான் நிழல்.

கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்துக்கு அடுத்த பக்கம், கன்றுகளோடு நான் மல்லாந்திருக்கும் படம். ஒவ்வொரு சித்திரையிலும் வெயில் ஏறியதும் சம்பந்தி போன் செய்வார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

"ஏனுங்க, வெளிய கெளம்பிட்டீங்களா? கொஞ்சங் கொஞ்சமாப் போங்க."